வீட்டு மின்சிக்கன விதிகளும் வீட்டுக்காரரின் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி, ஃபேன், பிரிட்ஜ் எது வாங்கப் போனாலும் கடைக்காரர் நட்சத்திர லேபிளைக் காட்டி விலையைக் கூட்டிச் சொல்கிறார். அடுக்குமாடி வீடு வாங்கப் போனால் "புது விதிப்படி கட்டியது" என்று சதுர அடி விலையைக் கூட்டுகிறார்கள். அரசு போட்ட விதியால் நம் கையிலிருந்து போவது எவ்வளவு, மின்கட்டணத்தில் திரும்பி வருவது எவ்வளவு என்பதே பலரும் கேட்பது. இங்கே சொல்லப்படும் விதிகள் மத்திய அரசினுடையவை. கணக்குகள் மட்டும் தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தை வைத்துப் போடப்பட்டவை.

இந்த விதிகள் எந்தச் சட்டத்திலிருந்து வருகின்றன? அவை யாரைக் கட்டுப்படுத்தும்?

மூலச் சட்டம் 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். அதன்படி 2002 மார்ச் மாதத்தில் மத்திய மின்துறையின் கீழ் எரிசக்தித் திறன் பணியகம் அமைக்கப்பட்டது. லேபிளில் பிஇஇ என்று இருப்பது இந்த அமைப்புத்தான். நட்சத்திர லேபிள் திட்டம் 2006 மே மாதத்தில் விருப்பத் திட்டமாகத் தொடங்கியது. 2010 ஜனவரியிலிருந்து ஏசி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ் போன்றவற்றுக்குக் கட்டாயமாகி, பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்ந்துகொண்டே வந்தது. கூரை ஃபேனுக்கு 2023 ஜனவரி 1 முதல் லேபிள் கட்டாயம்.

இந்தக் கட்டாயம் தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் விற்பவருக்கும் உரியது, வாங்குபவருக்கு அல்ல. உங்கள் வீட்டில் இருபது வருடத்துப் பழைய ஃபேன் ஓடுவதற்கு எந்த அதிகாரியும் அபராதம் போட முடியாது, அதை மாற்றச் சொல்லவும் முடியாது. ஆகவே வீட்டுக்காரருக்கு வரும் செலவு அரசுக்குக் கட்டும் பணமாக வருவதில்லை. கடைவிலையிலும் கட்டுமான விலையிலும் கலந்துதான் வருகிறது. அதனாலேயே அது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமாக இருக்கிறது.

நட்சத்திரம் கூடினால் விலையும் கூடுவது ஏன்? விதி இல்லாவிட்டால் விலை குறைந்திருக்குமா?

குறைந்த மின்சாரத்தில் அதே குளிர்ச்சியைத் தர வேண்டுமானால் செம்புக் குழாய் கூட வேண்டும், காயில் பெரிதாக வேண்டும், வேகத்தை ஏற்றி இறக்கும் கம்ப்ரசரும் அதை இயக்கும் மின்னணுப் பலகையும் வேண்டும். இவையெல்லாம் உண்மையான செலவுகள். அதற்கு மேல், ஃபைவ் ஸ்டார் மாடல் என்றாலே வைஃபை, காற்று வடிகட்டி, அலங்கார விளக்கு என்று வேறு பலவற்றையும் சேர்த்து விலை வைப்பது நிறுவனங்களின் வழக்கம். அந்த உபரிக்கும் மின்சிக்கனத்துக்கும் தொடர்பு இல்லை.

வரியையும் இங்கே சொல்ல வேண்டும். ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அன்றும் இன்றும் ஒரு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் ஒரே விகிதம்தான். சிக்கனமான பொருளை வாங்கு என்று சொல்லும் அதே அரசு, அந்தச் சிக்கனத்துக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கும் வரி வாங்குகிறது. விதிகளின் செலவைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

விலை எப்போதும் ஏறத்தான் செய்யும் என்றும் சொல்ல முடியாது. எல்இடி பல்பு அதற்கு நேர்மாறான கதை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 2014இல் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016இல் 38 ரூபாய் வரை இறங்கியது. அங்கே விலையை இறக்கியது அரசு பெரிய அளவில் வாங்கியது. வெறும் விதி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருள்களில் அந்த வேகத்தில் விலை இறங்குவதில்லை.

ஃபைவ் ஸ்டார் ஏசிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வருமா?

வரும், ஆனால் எத்தனை வருடத்தில் என்பதை முடிவு செய்பவை இரண்டு: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, உங்கள் வீட்டு மீட்டர் எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது. நட்சத்திரத்தின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஏசி லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. ஒன்றரை டன் ஏசியில் மூன்று நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 1,000 யூனிட் என்றும், ஐந்து நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 750 யூனிட் என்றும் வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் இது மாறும். வித்தியாசம் 250 யூனிட். விலை வித்தியாசத்தை 9,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு கணக்கைப் போடலாம். உங்கள் கடையில் சொல்லும் தொகையை அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கட்டணப் படி. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த விகிதப்படி 400 யூனிட் வரை 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45, 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் 2.35 ரூபாய்க்குக் கிடைக்கும். 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கு அந்த உயர்வு வரவில்லை.

ஏசியால் மிச்சமாகும் யூனிட் எப்போதும் உங்கள் பில்லின் உச்சிப் படியிலிருந்துதான் கழியும். சித்திரை தொடங்கி ஆடி வரை நான்கு மாதம், இரவில் எட்டு மணி நேரம் மட்டும் ஏசி போடும் வீட்டில் ஓட்டம் 960 மணி நேரம், மிச்சம் 150 யூனிட். அந்த வீடு 501–600 படியில் இருந்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,280 ரூபாய் மிச்சம், 9,000 ரூபாய் திரும்ப ஏழு வருடம் ஆகும். அதே வீடு 400 யூனிட்டுக்குள் நின்றால் மிச்சம் 720 ரூபாய்தான், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஏசியின் ஆயுளே முடிந்துவிடலாம். மாறாக, வயதானவர்கள் பகலிலும் இருக்கும் வீடு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வீடு என்றால் 1,600 மணி நேரத்தை எளிதில் எட்டும். அந்த வீட்டு மீட்டர் 601–800 படியில் இருந்தால் வருடத்துக்கு 2,400 ரூபாய் மிச்சமாகி, நான்கு வருடத்துக்குள் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 500 யூனிட்டைச் சற்றே தாண்டி நிற்கும் வீடுகளுக்கு அந்தக் கோடு மிகவும் விலையுயர்ந்தது. தாண்டிய உடனே 101 முதல் 200 வரைக்கான மானிய விலை பறிபோவதால், 510 யூனிட் ஓடிய வீடு, 500இல் நின்ற வீட்டைவிட வெறும் 10 யூனிட்டுக்காக 300 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறது. அந்த எல்லையில் ஊசலாடும் வீட்டில், ஒரு நல்ல ஃபேன் மாற்றுவதே ஏசி மாற்றுவதைவிட அதிகப் பலன் தரக்கூடும்.

லேபிள் சொல்லாத செலவு ஒன்றும் உண்டு. வேகத்தை ஏற்றி இறக்கும் ஏசிகளில் மின்னணுப் பலகை போனால் பழுதுச் செலவு ஆயிரக்கணக்கில் வரும். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் காயிலை அரித்துவிடும். ஒரு பெரிய பழுது இரண்டு மூன்று வருட மிச்சத்தை விழுங்கிவிடுமாதலால், நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் பலகைக்கும் காயிலுக்கும் எத்தனை வருட வாரண்டி என்று கேட்பது நல்லது.

சிறிய ஏசியா, நட்சத்திரம் கூடிய பெரிய ஏசியா?

நட்சத்திரம் என்பது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கிறது என்ற விகிதம், மொத்தச் செலவு அல்ல. பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன் மூன்று நட்சத்திரமே போதும் என்ற நிலையில், லேபிள் கணக்குப்படி அது ஏறக்குறைய 700 யூனிட்டில் முடியும். ஐந்து நட்சத்திர ஒன்றரை டன்னுக்கு 750. லேபிளில் நட்சத்திரத்துக்குக் கீழே இருக்கும் யூனிட் எண்ணையே முதலில் படியுங்கள்.

போன தடவை ஃபைவ் ஸ்டார் என்று வாங்கியது இப்போது ஃபோர் ஸ்டார் என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நட்சத்திர அட்டவணை சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்கப்படும். ஸ்பிளிட் ஏசிக்கு 2018 முதல் 4.50 என்ற திறன் அளவு (லேபிளில் ஐஎஸ்இஇஆர் என்று இருக்கும் எண்) இருந்தாலே ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2022 ஜூலையில் அந்த வாசல் 5.00 ஆக உயர்த்தப்பட்டது. அன்றைய ஐந்து நட்சத்திரம் மறுநாள் நான்கு நட்சத்திரமாகிவிட்டது, இயந்திரம் மாறவில்லை. அட்டவணை மாறும் தறுவாயில் கடைகளில் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். லேபிளில் அது எந்தக் காலத்துக்கு உரியது என்று அச்சிட்டிருக்கும். அதையும் திறன் அளவையும் படித்துப் பார்த்து வாங்கினால் அந்தத் தள்ளுபடி உண்மையிலேயே லாபம்தான்.

ஃபேனுக்கு எதற்கு நட்சத்திரம்? மாதம் ஐம்பது ரூபாய் மிச்சத்துக்கு மூவாயிரம் ரூபாய் ஃபேன் வேண்டுமா?

தமிழ்நாட்டு வீடுகளைப் பொறுத்தவரை இந்த விதிகளுக்குள் அதிகப் பலன் தரக்கூடியது ஃபேன் விதி என்பது என் கருத்து. ஏசி நான்கு மாதம் ஓடும், ஃபேன் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

பழைய சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு எடுக்கும். பிஎல்டிசி எனப்படும் புது மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 197 யூனிட் மிச்சம். 4.80 ரூபாய்ப் படியில் அது 945 ரூபாய். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனைக் கழற்றிவிட்டு 3,000 ரூபாய்க்குப் புதியது மாட்டினாலும் மூன்று வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில் பணம் வந்துவிடும்.

புதிதாக வாங்கும்போது கணக்கு வேறு. லேபிள் கட்டாயமான பிறகு 1,200 மி.மீ. ஃபேன் ஒரு நட்சத்திரம் பெற வேண்டுமானாலே ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 கனமீட்டர் காற்றாவது தர வேண்டும். 210 கனமீட்டர் காற்றுக்கு அது ஏறக்குறைய 52 வாட். ஆகவே கடையில் உங்கள் முன் இருக்கும் ஒப்பீடு 75க்கும் 30க்கும் அல்ல, 52க்கும் 30க்கும்தான். அந்த 22 வாட் வருடத்துக்கு 96 யூனிட், 460 ரூபாய். விலை வித்தியாசம் 1,500 ரூபாய் என்றால் இங்கும் மூன்று வருடக் கணக்குத்தான், ஆனால் கடைக்காரர் சொல்லும் "பாதிக்குப் பாதி மிச்சம்" இங்கே பொருந்தாது.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, கண்டன்சரை மாற்றிவிட்டு, சில நூறு ரூபாயில் முடித்துவிடுவார். காயில் எரிந்தால் வைண்டிங் கடை இருக்கிறது. பிஎல்டிசி ஃபேனில் உள்ளே இருக்கும் பலகை போனால் அந்தக் கம்பெனியின் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். இடி மின்னலும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதிகமுள்ள ஊர்களில் இந்தக் குறை சிறியதல்ல. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு மிச்சமே பூஜ்யம் என்பதையும் மறக்கக்கூடாது. இலவச யூனிட்டை மிச்சப்படுத்தினால் பையில் எதுவும் சேர்வதில்லை.

கீசரிலும் பிரிட்ஜிலும் நட்சத்திரம் பார்க்க வேண்டுமா?

தொட்டியுள்ள கீசரில் நட்சத்திரம் சொல்வது, சூடான நீர் தொட்டியில் இருக்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதை மட்டுமே. நீரைச் சுடவைக்க ஆகும் மின்சாரம் எல்லாக் கீசருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 25 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற எந்தக் கீசரானாலும் 0.9 யூனிட் அளவு ஆகும். குளிப்பதற்குச் சற்று முன்னால் போட்டு, குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் கூடுதல் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் பணம் வீண். சுவிட்சை அணைக்காமலே விட்டுவிடும் வீட்டுக்கு அது பயன்படும், அணைத்துப் பழகுவது அதைவிட மலிவு.

பிரிட்ஜ் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதால் அங்கே நட்சத்திரம் பார்ப்பது நியாயமே. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைக்கும் டைரக்ட் கூல் வகைக்கும் அட்டவணை வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏசியை 24 டிகிரியில்தான் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா?

2020 ஜனவரி 1 முதல் விற்கப்படும் ஏசிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 24 டிகிரியில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. ரிமோட்டில் நீங்கள் குறைத்துக்கொள்ளத் தடையில்லை. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர், ஏசியின் அளவையே 20 முதல் 28 டிகிரிக்குள் நிறுத்தும் யோசனையை அறிவித்தபோது பெரிய விவாதம் எழுந்தது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பணியகத்தின் மதிப்பீடு. செலவே இல்லாத விதி இந்த 24 டிகிரி விதி ஒன்றுதான்.

புதிதாக வீடு கட்டுகிறேன். எனக்கு ஏதாவது கட்டாயம் உண்டா?

குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018 டிசம்பர் 14 அன்று ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற நெறியை வெளியிட்டது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் வீடுகளுக்கு அது பொருந்தும். நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12.4 சென்ட், அதாவது இரண்டே கால் கிரவுண்டு. அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் வீடு கட்டும் பெரும்பாலோர் இதன் எல்லைக்குள் வரமாட்டார்கள். அடுக்குமாடிகள் வரும்.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட உச்சத் தேவை) உள்ள குடியிருப்புக் கட்டடங்களும் கட்டட நெறியின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. தனி வீட்டின் சுமை ஐந்து பத்து கிலோவாட்டைத் தாண்டுவது அரிது என்பதால், இங்கும் பெரிய குடியிருப்பு வளாகங்களே அகப்படும். மாநிலங்கள் இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். கட்டட அனுமதி மாநிலத்தின் கையில் இருப்பதால், மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்க்கும் அளவுக்குத்தான் மத்திய நெறி உங்கள் வரைபடத்தைத் தொடும். அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரைபடம் போடுவதே சரி.

அந்த நெறிப்படி கட்டினால் செலவு மிகவும் கூடுமா?

இதற்குத்தான் மிகையான பதில்கள் உலவுகின்றன. நெறி கேட்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். வெளிச்சுவர், ஜன்னல் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு உள்ளே வரும் வெப்பம் 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களுக்கு நெறி தரும் சூத்திரத்தில், வெளிச்சுவர்ப் பரப்பில் 15 சதவீதம் ஜன்னல், நிழலில்லாத சாதாரணக் கண்ணாடி, 9 அங்குலச் செங்கல் சுவர் என்று போட்டு, எல்லாத் திசைகளுக்கும் சராசரி எடுத்தால், சுவர் வழியாக 8.8, கண்ணாடியின் சூடு 1.1, கண்ணாடிக்குள் நேராக நுழையும் வெயில் 7.8, ஆக 17.7 வருகிறது. தேறாது.

அதே வீட்டில் செங்கலுக்குப் பதில் 8 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) போட்டால் சுவரின் பங்கு 3.4 அளவுக்கு இறங்கி, மொத்தம் 12.3 ஆகிவிடும். பிளாக் வேண்டாம், செங்கல்தான் வேண்டும் என்றால், ஜன்னலுக்கு மேல் போதிய அகலத்தில் சன்ஷேடு இழுத்து, உள்ளே நுழையும் வெயிலை 7.8லிருந்து 4.9க்குக் குறைத்தால் மொத்தம் 14.8. மயிரிழையில் தேறிவிடும். ஆக, இந்த நிபந்தனை கேட்பது வெளிநாட்டுக் கண்ணாடியோ இரட்டைச் சுவரோ அல்ல. முகப்பு அழகுக்காகச் சன்ஷேடை வெட்டிவிட்டு, மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைப்பவருக்குத்தான் செலவு வைக்கிறது. அவர் வெயிலைத் தடுக்கும் விலையுயர்ந்த கண்ணாடி போட்டாக வேண்டும். நம் தாத்தா காலத்து மேஸ்திரி கட்டிய வீடு இந்தச் சோதனையில் கண்ணாடி மாளிகையைவிட நன்றாகவே மதிப்பெண் வாங்கும்.

இன்னொரு நிபந்தனை காற்றோட்டம். நம் காலநிலை மண்டலத்தில், திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு ஆகியவற்றின் பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும். இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. இன்று எல்லா அடுக்குமாடியிலும் போடும் இரண்டு கதவு யூபிவிசி ஸ்லைடிங் ஜன்னலில், ஒரு கதவு எப்போதும் மற்றொன்றின் மேல் நிற்பதால், பாதிப் பரப்பைத்தான் நெறி கணக்கில் சேர்க்கும். வெளிப்பக்கம் திறக்கும் கீல் ஜன்னலுக்கு 90 சதவீதம். 1,076 சதுர அடி வீட்டுக்கு 179 சதுர அடி திறப்பு வேண்டும். ஐந்துக்கு நான்கு அளவில் ஸ்லைடிங் ஜன்னல் என்றால் ஒன்றுக்குப் பத்துச் சதுர அடிதான் கணக்கு. கீல் ஜன்னல் என்றால் பதினெட்டு. ஜன்னலின் விலையைக் கூட்டாமல், திறக்கும் முறையை மாற்றினாலே நிபந்தனையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். நிறைவேறாவிட்டாலும், புழுக்கமான இரவில் அந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடும்.

மொட்டை மாடிக்கு என்ன செய்ய வேண்டும்?

கூரை வழியாகக் கடத்தப்படும் வெப்பத்துக்கு யு-மதிப்பு என்ற அளவு உண்டு, குறைந்தால் நல்லது. நெறி கேட்பது 1.2க்கு மேற்படாமை. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3க்கு மேல் இருக்கும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தால் 2.4 அளவுக்கு இறங்கும், தேறாது. ஆனால் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் ஒரு அங்குலக் காப்புப் பலகை ஒன்றைக் கொடுத்தால் 0.9 அளவுக்கு வந்துவிடும். கட்டும்போதே போட்டால் பலகையின் விலை மட்டும்தான். பின்னால் போட வேண்டுமென்றால் தட்டோட்டைப் பெயர்த்து, ஒழுகாமல் மறுபடி பதிக்கும் கூலி பலகையின் விலையை மிஞ்சிவிடும். சிறிய மனைக்காரருக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் செய்யச் சொல்லும் ஒரே கட்டுமானச் செலவு இதுதான்.

வெள்ளையடிப்பதும், வெள்ளை ஓடு பதிப்பதும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டைக் குளிர்விக்கும், செலவும் குறைவு. ஆனால் யு-மதிப்பு கடத்தலை மட்டும் அளப்பதால், அந்தப் பலன் இந்தக் கணக்கில் ஏறாது. ஏறாவிட்டால் என்ன, வீட்டுக்குள் குளிர்ச்சி ஏறுகிறதே.

பில்டர் "விதிப்படி கட்டியது" என்று சதுர அடிக்கு விலை கூட்டுகிறார். என்ன கேட்க வேண்டும்?

சுவர் எதனால் கட்டியது, மேல்தளத்தில் காப்பு எத்தனை மில்லிமீட்டர், ஜன்னல் எப்படித் திறக்கும், வெப்பக் கணக்கின் தாள் இருக்கிறதா என்று நான்கு கேள்விகள் போதும். கூரைக் காப்பின் செலவு எல்லா வீடுகள் மேலும் பிரிந்து விழும். பலனோ மேல்மாடிக்காரருக்குத்தான். ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி வாங்குபவர் கூரைக்காகக் கூடுதல் விலை கொடுக்கும்போது, யாருக்காகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

வாடகைக்கு விடும் வீட்டுக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்? கரண்ட் பில் குடியிருப்பவர்தானே கட்டுகிறார்?

இந்த விதிகளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். ஃபேன் வாங்குபவர் வீட்டுக்காரர், பில் கட்டுபவர் குடித்தனக்காரர். வாங்குபவர் மலிவானதைத்தான் மாட்டுவார், அது நியாயமும்கூட. லேபிள் விதி இங்கே ஓரளவு உதவுகிறது: கடையில் இருப்பதே 52 வாட் ஃபேன் என்றானபின், மிக மலிவானதை வாங்கினாலும் பழைய 75 வாட் அளவுக்குப் போக முடியாது.

சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று ஒரே விகிதத்தில் வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. அது சரியான நடைமுறை அல்ல. ஆனால் அப்படிக் கட்டும் குடித்தனக்காரருக்கு முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம் உண்டு. பிஎல்டிசி ஃபேனைச் சொந்தமாக வாங்கி மாட்டி, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போவது அவருக்குக் கட்டுப்படியாகும். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிவிட வேண்டும் என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வெளிநாடுகளைப் போலப் பழைய வீட்டையும் மாற்றச் சொல்வார்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகை வீட்டுக்கு எரிசக்திச் சான்றிதழில் குறைந்தது ஈ தரமாவது வேண்டும். 2018 ஏப்ரலில் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரலில் நடப்பிலிருந்த ஒப்பந்தங்களுக்கும் இது வந்தது. தரம் குறைந்த வீட்டின் சொந்தக்காரர் 3,500 பவுண்டு வரை செலவு செய்து சீர்திருத்த வேண்டும். அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் இந்தச் செலவை நேரடியாக அறிவார்கள். இந்தியாவில் ஏற்கெனவே எழும்பி நிற்கும் தனி வீட்டைச் சீர்திருத்தச் சொல்லும் விதி எதுவும் இல்லை. இங்குள்ள விதிகள் எல்லாம் புதிதாக விற்கப்படும் பொருளையும் புதிதாக எழும் கட்டடத்தையும் சார்ந்தவை.

மாடியில் சோலார் போட்டுவிட்டால் இந்த நட்சத்திரமெல்லாம் தேவையில்லை அல்லவா?

2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. இருந்தாலும் பகலில் உற்பத்தியாகும் மின்சாரமும் இரவில் ஓடும் ஏசியும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை, இடையில், வெளியே அனுப்பியதையும் உள்ளே எடுத்ததையும் நேர்செய்யும் மீட்டர் கணக்கு வருகிறது. முதலில் ஃபேனை மாற்றி, தேவையைக் குறைத்து, அதன்பிறகு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று முடிவு செய்தால் பேனலின் செலவே குறையும்.

லேபிள் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

எரிசக்தித் திறன் பணியகத்துக்கு ஒரு கைப்பேசிச் செயலி உண்டு. அதில் கம்பெனியின் பெயரையும் மாடல் எண்ணையும் போட்டால், பதிவு செய்யப்பட்ட நட்சத்திரமும் யூனிட் கணக்கும் வரும். கடையில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் பில்லில் மாடல் எண்ணை முழுமையாக எழுதச் சொல்லுங்கள், கடைசி இரண்டு எழுத்து மாறினாலே நட்சத்திரம் மாறிவிடும் மாடல்கள் உண்டு.